கன்ட்ரோல் பளிச்சென்று இருக்கிறது, கட்டியில் சாயம் ஏறவில்லை: உதவுங்கள்

வணக்கம். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு லேப்பில் திசு ஸ்லைடு போடுகிறேன். ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு அக்காவுக்குக் கணையத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் வருவது). லுடீசியம்-177 என்ற கதிரியக்கச் சிகிச்சை மருந்து பற்றிக்கொள்ள எஸ்எஸ்டிஆர்2 (சோமாடோஸ்டாடின் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி) கட்டியின் செல் சவ்வில் இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்றுதான் சாயம் போட்டுப் பார்க்கிறேன். கன்ட்ரோலாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கணையத்தில், ஹார்மோன் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுச் செல்களைச் சுற்றிப் பழுப்புக் கோடு அழகாக விழுகிறது. அக்காவின் கட்டியில் செல்லுக்குள் மங்கலான கறை மட்டும்தான்.

அந்த ஏற்பியில் போய் ஒட்டும் யுஎம்பி-1 ஆன்டிபாடி போட்டேன். அதற்கு முன், ஃபார்மலின் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்) மறைத்த ஏற்பியை வெளிக்கொண்டுவர சிட்ரேட் பஃபர் பிஎச் 6-ல் குக்கரில் 20 நிமிடம் சூடாக்கினேன். திசு ஃபார்மலினில் நாலு நாள் கிடந்து வந்தது. என் சந்தேகமே அங்கேதான். பிஎச் 9-க்கு மாறலாமா, நேரத்தைக் கூட்டலாமா? திசுவை மெழுகில் பதித்த பிளாக்கில் இன்னும் நாலைந்து வெட்டுதான் வரும், வீணாக்க மனசு வரவில்லை. டாக்டர் நெகட்டிவ் என்று கையெழுத்துப் போடும் முன், செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.