போட்டிக்கு அனுப்பினோம், அப்புறம் என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரி

நானே தொடங்கி வைக்கிறேன். போன வருடம் ஒரு கட்டுரைப் போட்டிக்கு எழுதினேன். வலைப்பூவில் எழுதும் புதியவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தார்கள். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். தலைப்பு 'என் ஊர் மழை'. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை வெளுத்து வாங்கும். 2009 நவம்பரில் மலை சரிந்தபோது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தேயிலைச் சரிவு அப்படியே இறங்கி வந்ததைத்தான் எழுதினேன். பத்து நாள் எடுத்தது.

'மூன்று நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது' என்பது விதி. சரி என்று அனுப்பியாயிற்று. கடைசித் தேதி முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒரு புது அறிவிப்பு வந்தது. எல்லாக் கட்டுரைகளையும் தங்கள் இணையப் பக்கத்தில் போடுவார்களாம், லைக்குகளுக்கு 40 மதிப்பெண்ணாம்.

இப்போது என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களிடம்கூட போனை நீட்டி லைக் போடச் சொன்னேன். ஒரு பெரியம்மா 'என்னம்மா இது, எலக்‌ஷனா?' என்று கேட்டார். மொத்தம் 112 வந்தது. முதல் பரிசு வாங்கியவருக்கு இரண்டாயிரத்துக்கு மேல்.

அவர் எழுதியதைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. எனக்கு எரிச்சலே அதனால்தான். நடுவர்கள் மட்டும் தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் அவரே ஜெயித்திருக்கலாம். இப்போது அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கூடலூர்க்காரன்

அக்கா, என் கதை சின்னது. 2019 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? 8ஆம் தேதி நம் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானதே, அந்த வாரம். எனக்குக் கடைசி நாள் 9ஆம் தேதி நள்ளிரவு. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஊட்டிக்குப் போகலாம் என்றால் ரோடு இல்லை. 13ஆம் தேதி சிக்னல் கிடைத்ததும் நிலைமையை விளக்கிக் கட்டுரையை அனுப்பினேன். 'விதி எல்லோருக்கும் ஒன்றே' என்று ஒரே வரியில் பதில். நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் பார்த்தால், 'பலரின் வேண்டுகோளுக்கு இணங்க' கடைசித் தேதியை 12 வரை நீட்டியிருக்கிறார்கள்! யார் அந்தப் பலர் என்று இன்றுவரை தெரியாது. வேண்டுகோள் வைக்கக்கூட சிக்னல் வேண்டுமே.

மலைரயில்

தோற்றவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு இப்படித்தான் போகும். எனக்கு இரண்டு தடவை பரிசு வந்திருக்கிறது. நடத்தியவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. நன்றாக எழுதினால் கிடைக்கும், அவ்வளவுதான்.

கோத்தகிரிக்காரி

அண்ணா, நீங்கள் ஜெயித்தபோது மதிப்பெண் காட்டினார்களா?

மலைரயில்

இல்லை. கேட்கவும் தோன்றவில்லை. ஜெயித்தவன் எதற்கம்மா கேட்கப் போகிறான்! (சரி, புரிகிறது.)

ஊட்டி டீச்சர்

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். ஒரு முறை நடுவராக இருந்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போனால், பெயரும் பதிவெண்ணும் உள்ள மேல்பகுதியைக் கிழித்துவிட்டுத்தான் கட்டு எங்கள் கைக்கு வரும். யாருடைய தாள், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. நான் நடுவராக இருந்த போட்டியில் 46 கட்டுரைகள். ஒவ்வொன்றின் தலையிலும் பெயர், ஊர், போட்டோ, 'என்னைப் பற்றி' என்று நாலு வரி. எனக்குத் தெரிந்த பெயர் வந்தால் நிதானமாகப் படித்தேன். தெரியாத பெயர் என்றால் கண் தானாக ஓடியது. வேண்டுமென்று செய்யவில்லை. பாதி தாண்டிய பிறகுதான் கவனித்தேன்.

அதில் ஒன்று என் பழைய மாணவியுடையது. ஒன்பது போட வேண்டிய கட்டுரை. ஓரவஞ்சனை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று எட்டு போட்டேன். யோசித்துப் பாருங்கள், அந்தப் பெண் என்னிடம் படித்த பாவத்துக்கு ஒரு மதிப்பெண் போயிற்று.

இன்னொன்று. எங்கள் பக்கத்துப் படுகர் பையன் ஒருவன் 'ஹட்டி' என்று எட்டு இடத்தில் எழுதியிருந்தான். கூட இருந்த நடுவர் சமவெளிக்காரர். எட்டையும் சிவப்பில் வட்டமிட்டு, 'எழுத்துப்பிழை அதிகம்' என்று குறிப்பு வேறு எழுதிவிட்டார். ஹட்டி என்றால் அவர்கள் ஊர், பிழை இல்லை சார் என்று நான் சொன்னதால் தப்பித்தது. நான் அன்றைக்கு லீவு போட்டிருந்தால்?

எல்லாவற்றையும் இரண்டே இரவில் படித்தேன். ராத்திரி பதினொன்றுக்கு மேல் படித்தவற்றுக்கெல்லாம் மதிப்பெண் குறைவு. சந்தேகம் வந்து மறுநாள் காலை அவற்றில் பத்தைத் திரும்பப் படித்தேன். சிலவற்றுக்கு இரண்டு மதிப்பெண் வரை ஏறியது. அவற்றை மாற்றிக் கொடுத்தேன். மீதியைத் திரும்பப் படிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

குன்னூர் டீ

டீச்சர் சொல்வதைப் படித்ததும் நான் வேலை பார்த்த, டீ ருசி பார்க்கும் அறை ஞாபகம் வந்துவிட்டது. வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். உலகத் தர விதி (ஐஎஸ்ஓ 3103) 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்கிறது. எங்கள் அறை அளவில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் எல்லாக் கோப்பைக்கும் ஒரே எடை, ஒரே தண்ணீர், ஒரே நேரம். இதில் மட்டும் விளையாட்டே கிடையாது. ஒரு தூளுக்கு ஏழு நிமிடம் கொடுத்துவிட்டு 'கடுப்பு ஜாஸ்தி' என்று சொன்னால் அது தூளின் குற்றமா?

எங்கள் பெரியவர் ஒருவர் தோட்டத்தின் பெயர்ச் சீட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்வார். பெரிய தோட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டால் நாக்குக்கு முன்னால் கண் ருசி பார்த்துவிடும் என்பார். அப்புறம் ஒரு திக்கான டீயைக் குடித்த வாயில் அடுத்தது தண்ணீராகத் தெரியும். அதனால் சந்தேகம் வந்தால் வரிசையின் மறுமுனையிலிருந்து திரும்ப ஒரு சுற்று வருவோம். டீச்சர், ஒருவர் மேலிருந்தும் ஒருவர் கீழிருந்தும் படித்தால் அந்தப் பதினொரு மணிக் கஷ்டம் ஒரே ஆள் தலையில் விழாது.

அருவங்காடு ஆள்

எல்லோரும் மதிப்பெண்ணிலேயே நிற்கிறீர்கள். விதிகளின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை யாராவது படித்தீர்களா? நான் மூன்றாம் பரிசு வாங்கினேன். 500 ரூபாய், ஒரு சான்றிதழ். ஆறு மாதம் கழித்து எல்லோருடைய கட்டுரையையும் தொகுத்துப் புத்தகம் போட்டார்கள். எழுதியவர்கள் ஆளுக்கு இரண்டு பிரதி வாங்க வேண்டுமாம், பிரதி 250. கணக்குப் பார்த்தால் பரிசுப் பணம் அப்படியே அவர்களிடமே திரும்பிப் போய்விட்டது.

11ஆம் விதி 'அனுப்பப்படும் படைப்புகளின் முழு உரிமையும் நடத்துபவருக்கே' என்றது. தோற்றவர்களுடையதும் சேர்த்து! வக்கீல் நண்பர் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைக் காட்டினார். உரிமையைக் கைமாற்ற எழுத்தில், எழுதியவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். நாங்கள் யாரும் கையெழுத்தே போடவில்லை. பணிவாக ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த பதிப்பில் என் கட்டுரை இல்லை. புத்தகமே தேவையில்லை என்று இருந்தவன், அதைப் பார்த்ததும் கொஞ்சம் வருத்தப்பட்டது வேறு கதை.

கோத்தகிரிக்காரி

இதையெல்லாம் கேட்டது காரணமாகத்தான். இங்கே வாசகசாலையில் மாதாமாதம் கூடும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு சின்னப் போட்டி வைக்கலாம் என்றிருக்கிறோம். பரிசு ஆயிரம் ரூபாயும் ஒரு கிலோ டீத்தூளும். கட்டணம் இல்லை. லைக் இல்லவே இல்லை, எனக்கு இனிமேல் பந்தியில் போனை நீட்ட முடியாது. எழுதியது எழுதியவருக்கே. மதிப்பெண்ணைக் கேட்டால் காட்டுவோம். டீச்சர், நடுவராக வருவீர்களா? குன்னூர் அண்ணா?

ஊட்டி டீச்சர்

வருகிறேன். இரண்டு ராத்திரி போதாது, இரண்டு வாரம் கொடுங்கள். ஹட்டி தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் டீ

நான் கீழிருந்து படிக்கிறேன். டீத்தூள் என் பொறுப்பு.

கூடலூர்க்காரன்

அக்கா, கடைசித் தேதியை ஆடியில் வைக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். தபாலில் வந்தாலும் வாங்குங்கள். பெயரை எடுத்துவிட்டு எண் போடும் வேலைக்கு வேண்டுமானால் நான் வருகிறேன். ஆனால் என் தங்கை எழுதப் போவதாகச் சொல்கிறாள். அதனால் அந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், நான் நாற்காலி எடுத்துப் போடுகிறேன்.