ஏசி இல்லை, ஆனாலும் கரண்ட் பில் எகிறுகிறது. எங்கே போகிறது?

மாடிவீடு (திருச்சி):
வணக்கம். வீட்டில் நாங்கள் நாலு பேர். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மூன்று ஃபேன், ஒரு இன்வெர்ட்டர், ஒரு ஹெச்பி மோட்டார். ஏசி கிடையாது. இரண்டு மாத ரீடிங் எப்போதும் 380 யூனிட் சுற்றி வரும், இந்தமுறை 560. புதிதாக எதுவும் வாங்கவில்லை. மீட்டரே தப்பாக வேகமாக ஓடுகிறதோ என்று சந்தேகம். என்ன பார்க்கலாம்?

சிக்கனம்:
ஃபேன் மூன்றையும் பிஎல்டிசிக்கு (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வகை) மாற்றுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 சொச்சம்தான்.

கம்பிவேலை:
மாற்றலாம், ஆனால் அதே ஃபேன்கள்தானே போன முறையும் ஓடின? ஏறிய 180 யூனிட் எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிய வேண்டும். 180 யூனிட்டை அறுபது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 3 யூனிட். அதாவது ஏதோ ஒன்று 125 வாட் அளவில் ராத்திரி பகல் நிற்காமல் இழுத்தாலே போதும். 500 யூனிட்டைத் தாண்டினால் அடுக்குக் கட்டணமும் மாறும், அதனால் தொகை இன்னும் வேகமாக ஏறியிருக்கும்.

மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் 3200 இம்ப் (ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கல்) என்று போட்டிருந்தால், இரண்டு மினுக்கலுக்கு நடுவே எத்தனை விநாடி என்று எண்ணி, 1125ஐ அதால் வகுங்கள். கிடைப்பது வாட். (1600 என்றிருந்தால் 2250ஐ வகுக்க வேண்டும்.) லைட், ஃபேன், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ணுங்கள். அப்புறம் ஃப்ரிட்ஜ் பிளக்கை எடுத்துவிட்டு மறுபடி. கடைசியாக மெயினை இறக்குங்கள். அதற்குப் பிறகும் மினுக்கினால்தான் மீட்டரைச் சந்தேகப்படலாம்.

சமையல்கட்டு:
மோட்டாரையும் பாருங்க. ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் சத்தமே வராது, மேல் டேங்க் காலியாகி மோட்டார் கூடுதலாக ஓடும்.

மாடிவீடு:
3200தான் போட்டிருக்கிறது. எல்லாம் அணைத்தபோது நாலைந்து விநாடிக்கு ஒருமுறை. ஃப்ரிட்ஜை எடுத்ததும் 9 விநாடி. மெயினை இறக்கியதும் நின்றுவிட்டது. அப்படியென்றால் அந்த 9 விநாடி இன்வெர்ட்டர்தானா? ஒழுகல் எதுவும் இல்லை.

கம்பிவேலை:
1125ஐ 9ஆல் வகுத்தால் 125 வாட். இன்வெர்ட்டரின் எம்சிபியை (அந்த லைனுக்கான தனி சுவிட்ச்) மட்டும் இறக்கி உறுதி செய்துகொள்ளுங்கள். கரண்ட் போய் வந்த நேரத்தில் அளந்திருந்தால் அது சார்ஜ் ஏறும் கணக்கு, நம்பக்கூடாது. வெகுநேரமாக கரண்ட் போகாமல் இருந்தும் 125 என்றால் பேட்டரிதான். நல்ல பேட்டரி நிறைந்ததும் அடங்கிவிடும். தேய்ந்தது நிறையவே நிறையாது, உள்ளே போவது சூடாகவே வீணாகும். தொட்டால் கதகதப்பாக இருக்கிறதா? டிஸ்டில்ட் வாட்டர் சீக்கிரம் குறைகிறதா?

மாடிவீடு:
இரண்டும் ஆமாம் அண்ணா. எம்சிபியை இறக்கியதும் மினுக்கல் நின்றது. காலையிலிருந்து கரண்டும் போகவில்லை. பேட்டரி வாங்கி ஆறு வருஷம் இருக்கும். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

கம்பிவேலை:
பேட்டரிக்காரரை வரச்சொல்லி ஹைட்ரோமீட்டரில் (ஆசிட்டின் அடர்த்தி காட்டும் கருவி) ஒவ்வொரு செல்லாக, அதாவது பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு அறையாக, பார்க்கச் சொல்லுங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட ரொம்பக் கீழே இருந்தால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. மாற்றும்வரை இன்வெர்ட்டரை அணைத்தே வையுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அந்த இடத்தில் ஜன்னலை மூடாதீர்கள், விளக்கும் ஏற்ற வேண்டாம்.

சிக்கனம்:
சரி, ஃபேனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் 🙂 பழைய பேட்டரியைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள், ஈயத்துக்காகக் கடையில் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

மாடிவீடு:
நன்றி. செல் ஒன்று போய்விட்டது என்றுதான் அவரும் சொன்னார். புதியது போட்டதும் மறுபடி எண்ணிப் பார்த்து எழுதுகிறேன்.