உட்கலப்பா, உறவீற்றா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நெருங்கிய சொந்தங்கள் இணைசேர்ந்து ஈனுவதை ஆங்கிலத்தில் inbreeding என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது. 'உட்கலப்பு' பழகிப்போன சொல்தான், ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. கலப்பு என்றால் வேறுவேறானவை சேர்வது. சாதி விட்டுச் சாதி கட்டினால் கலப்புத் திருமணம் என்கிறோம். அக்காள் மகளைக் கட்டுவதும் ஒரு கலப்பு என்றால் படிக்கிற பிள்ளை குழம்பாதா?

போன வாரம் நீலகிரியில் சாண்டிநல்லாப் பக்கம் செம்மறி மேய்க்கும் பெரியவர் ஒருவர், ஒரு கிடாவின் கொம்பைப் பிடித்து நிறுத்திக் காட்டினார். "இது போட்ட பெட்டைங்க பருவத்துக்கு வந்திருச்சு. இனி இது இங்க நிக்கக் கூடாது, மாத்தணும்." மாற்றாவிட்டால்? "குட்டி நலிஞ்சு போகும், தங்காது."

அவர் வாயில் வந்த அந்த 'நலிவு' போதும் நமக்கு. தலையீற்று என்று மாட்டுக்குச் சொல்கிறோமே, ஈனுதல் என்ற பொருளில் வரும் அந்த ஈற்றைச் சேர்த்து உறவீற்று, அதனால் குட்டிகள் நலிவதற்கு உறவீற்று நலிவு (inbreeding depression) என்று வைக்கலாம். உறவீற்று எவ்வளவு என்று காட்ட மரபியலாளர் சிவால் ரைட் 1922-இல் தந்த அளவு உறவீற்றுக் கெழு (coefficient). ஈற்றுக்குக் கடைசி என்றும் பொருள் உண்டே என்று இந்தப் பேச்சில் ஐயா ஒருவர் கேட்டது நியாயம்தான். முன்னால் 'உறவு' நிற்பதால் மயக்கம் வராது என்று நினைக்கிறேன்.

மனிதருக்கு ஈற்று வேண்டாம், உறவுமணம் என்போம். 'முறைமணம்' என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. மாமன் மகள் முறைப்பெண். சித்தப்பா மகள் தங்கை, கல்யாணம் என்று நினைக்கவே கூசும். மரபணுவுக்கு இந்த முறையெல்லாம் தெரியாது. இருவரில் யாரைக் கட்டினாலும் பிள்ளையின் கெழு 1/16. தாய்மாமன் கட்டினால் 1/8, அதாவது ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் ஒரே மூதாதையின் ஒரே படியிலிருந்து வந்திருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. தலைமுறைகளாக மறைந்திருந்த ஒடுங்கு மரபணு (இரண்டு படிகளும் அதுவாக இருந்தால்தான் தன்மையைக் காட்டும்) இப்படித்தான் இணை சேர்ந்து வெளிப்படுகிறது. 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்று ஊரில் சொல்வது பிழை.

அப்புறம், நெருங்கிய சொந்தமாக இல்லாவிட்டாலும் தம் சமூகத்துக்குள்ளேயே கட்டுகிற அகமணம் (endogamy) வேறு. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரைக் குறை) இருப்பது 1952-இலேயே பதிவானது. அந்த நோய்க்குப் பெற்றோர் நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. இருவரும் கடத்திகளாக, அதாவது குறையுள்ள படி ஒன்று மட்டும் உள்ளவர்களாக இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. கூடலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில், மடியில் பிள்ளையோடு இருந்த தாயிடம் "சொந்தத்துல கட்டினீங்களா?" என்று அதட்டினார்கள். "இல்லீங்க, எங்க பாட்டி காலத்துலகூட அந்த வீட்டோட சம்பந்தம் இல்லீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், குற்றம் செய்தவர் போல.

உறவீற்றைவிட நல்ல சொல் வந்தால் மாற்றிக்கொள்கிறேன். உறவுமணம், அகமணம் இரண்டும் மட்டும் பட்டியலில் தனித்தனியாக வரவேண்டும்.