டயமண்ட் ஓப்பன் ஆக்சஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஆய்விதழ்க் கட்டுரைகளை யாரும் காசில்லாமல் படிக்க விடுவதை ஆங்கிலத்தில் ஓப்பன் ஆக்சஸ் என்கிறார்கள். அதில் டயமண்ட் என்ற வகைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் நூலகர் ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> ஓப்பன் ஆக்சஸ் = திறந்த அணுக்கம். டயமண்ட் ஓப்பன் ஆக்சஸ் = வைரத் திறந்த அணுக்கம். இழையை இத்தோடு முடித்துக்கொள்ளலாமா?

'வைர'த்தோடு முடிக்க மனம் வரவில்லை, நூலகர் ஐயா. படிப்பவரிடமும் காசு வாங்காமல், எழுதுபவரிடமும் காசு வாங்காமல் நடக்கும் ஆய்விதழுக்குப் போய் நகைக்கடைப் பெயரா? ஆங்கிலத்தில் ஓப்பன் ஆக்சஸ் வகைகளுக்குப் பச்சை, தங்கம் என்று ஏற்கெனவே ஒரு வரிசை இருந்ததால் அடுத்து வைரம் வந்து உட்கார்ந்தது. நமக்கு அந்த வரிசையே கிடையாது.

'அணுக்கம்' நல்ல சொல்தான். ஆனால் அது படிக்க வருபவரை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. லைபீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் எபோலா அங்கே பரவியபோது, அந்த வட்டாரத்துக்கே இது புதிய நோய் என்றுதான் பேச்சு. அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னீஸ் டானும் இன்னும் இருவரும் பழைய கட்டுரைகளைத் துழாவியபோது, ஐரோப்பிய இதழ் ஒன்றில் 1982இல் வந்த கட்டுரை அகப்பட்டது. ஜெர்மன் ஆய்வாளர்கள் லைபீரியர்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்து, சிலரிடம் எபோலாவுக்கான எதிர்ப்பொருள் (முன்பு அந்தக் கிருமி தொற்றியதன் அடையாளம்) இருப்பதைக் கண்டிருந்தார்கள். எபோலா நிலைகொண்ட பகுதியில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும், மருத்துவமனைக்குள் நோய் பரவாதபடி பணியாளர்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று அப்போதே எழுதி வைத்திருந்தார்கள். 2015 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸில் மூவரும் இதைச் சொன்னபோது, இப்படிப்பட்ட கட்டுரை ஒன்றைத் தரவிறக்க 45 டாலர் ஆகும் என்றார்கள். அங்குள்ள மருத்துவருக்கு அது ஏறக்குறைய அரை வாரச் சம்பளம்.

சரி, அது படிப்பவர் வாசல். அவர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள்: ரத்தம் கொடுத்தது லைபீரியர்கள், கட்டுரையை எழுதியவர்களில் ஒரு லைபீரியர்கூட இல்லை. 'அணுக்கம்' என்ற சொல்லுக்குள் எழுதுபவருக்கான இந்த இரண்டாவது வாசல் வரவே இல்லை.

முதல் வாசலைத் திறக்கச் சொல்லித்தான் 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. நிறைய இதழ்கள் திறந்தும் விட்டன. ஆனால் பலவும் கல்லாப்பெட்டியை முன்வாசலில் இருந்து தூக்கிக் கொல்லைப்புறம் வைத்துக்கொண்டன. நேச்சர் இதழ் 2020 கடைசியில் எழுதுபவருக்கு அறிவித்த கட்டணம், கட்டுரை ஒன்றுக்கு 9,500 யூரோ. ஏழை நாடுகளுக்கு விலக்கு உண்டு என்பார்கள். பல பதிப்பகங்கள் அதற்கு, ஏழை நாடுகளுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ மலிவாகவோ தரும் ரிசர்ச்4லைஃப் திட்டத்தின் நாட்டுப் பட்டியலைத்தான் பார்க்கின்றன. அதில் இந்தியா இல்லை. நான் பட்டு அறிந்தது இது. கிராமச் செவிலியர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்ததைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரையை ஓர் இதழ் ஏற்றுக்கொண்டது. விலக்கு கேட்டு விண்ணப்பித்தோம். கீழிறங்கும் பட்டியலில் நம் நாட்டின் பெயரைத் தேடித் தேடி 'ஐ'யிலிருந்து 'ஜே'க்குப் போய்விட்டோம். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம், வேறென்ன செய்வது.

ஆகவே இரண்டு வாசலும் திறந்த இதழுக்குத் தனிச்சொல் வேண்டும். நான் முதலில் நினைத்தது 'இறையிலி இதழ்'. கல்வெட்டில் வரி நீக்கிய நிலம் இறையிலி. இரண்டாவது, 'ஊருணி இதழ்'. உங்கள் கருத்து?

---

> நான் முதலில் நினைத்தது 'இறையிலி இதழ்'.

ஐயா, இறையிலி என்றால் என் நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் நாத்திகப் பத்திரிகை என்று நினைத்து எடுத்துப் போவார்கள். விற்பனைக்கு நல்லது, கலைச்சொல்லுக்கு ஆகாது.

ஊருணி காதுக்கு இனிக்கிறது. ஆனால் இதழ் நடத்தச் செலவு உண்டே. மெய்ப்புப் பார்க்க, சர்வர் வைக்க, பக்கம் அமைக்க ஆள் வேண்டும். 'இலவசம்' என்ற மயக்கத்தை இந்தச் சொல் தந்துவிடாதா? பேசாமல் 'இருபுறக் கட்டணமில்லா இதழ்' என்றே வைத்துவிட்டால் என்ன?

---

இருபுறக் கட்டணமில்லா இதழ் விளக்கத்துக்குச் சரி, பெயருக்கு நீளம். ஆறு முறை எழுதினால் ஏழாவது முறை எல்லாரும் 'டயமண்ட்' என்றே எழுதிவிடுவார்கள்.

செலவு பற்றி நீங்கள் கேட்டதுதான் ஊருணிக்கே பலம். நான் ராமநாதபுரத்துக்காரன். எங்கள் ஊருணியில் குடம் மொள்ள யாரும் காசு கொடுத்ததில்லை. ஆனால் கோடையில் வரத்துக்கால் வெட்டவும் தூர் வாரவும் வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும், போகாத வீடு பணம் கட்ட வேண்டும். கால் கழுவினால் கிழவிகள் கத்துவார்கள். அதாவது செலவும் உண்டு, காவலும் உண்டு. மொள்ளும் இடத்தில் மட்டும் கல்லா இல்லை. பிரேசிலில் 1990களின் கடைசியில் தொடங்கிய சைஎலோ என்ற இணைய ஆய்விதழ்த் தொகுப்பு இப்படித்தான்: சாவ் பாவ்லோ மாநில ஆய்வு நிதியமான ஃபபெஸ்பின் பொதுப்பணம் தூர் வாரி வந்தது.

---

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். காசநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். நோயாளியைச் சானட்டோரியத்தில் வைத்தாலும் வீட்டில் வைத்தாலும் மருந்து ஒழுங்காகப் போனால் குணமாவதில் பெரிய வித்தியாசமில்லை என்று காட்டிய சென்னை ஆய்வு, 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. இன்றும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம். அந்த இதழ் இப்போது எழுதுபவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. ஊருணிக்கு இதைவிட நம் ஊர்ச் சான்று கிடைக்காது. என் வாக்கு ஊருணிக்கு.

இன்னொன்று: கட்டண 'வெய்வர்' என்பதற்கு 'விலக்கு' வேண்டாம், 'தவிர்ப்பு' என்போம். குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்றுதானே சொன்னார்கள்? அவன் பட்டியல் கேட்டதாகத் தெரியவில்லை.

---

அம்மாவின் 'கட்டணத் தவிர்ப்பு'க்கு ஆட்சேபம் இல்லை. சொற்பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

ஊருணி இதழ் – படிப்பவரிடமோ எழுதுபவரிடமோ கட்டணம் பெறாமல், பொதுப்பணத்திலோ நிறுவனச் செலவிலோ நடக்கும் ஆய்விதழ்.

'திறந்த அணுக்கம்' பொதுப்பெயராக அப்படியே இருக்கட்டும், அதோடு சண்டை இல்லை. காசை வாங்கிக்கொண்டு சரிபார்க்காமலே கட்டுரை போடும் 'பிரிடேட்டரி ஜர்னல்' இன்னும் பாக்கி. 'கொள்ளை இதழ்' என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். 9,500 யூரோ வாங்குபவரையும் அது குறிக்குமா என்று நூலகர் ஐயா கேட்பார். அதற்குத் தனி இழை தொடங்குவோம்.