ஆப்பிரிக்கா சஃபாரி: ஏப்ரலா, ஓகஸ்டா, டிசம்பரா?

பண்டாரவளை டீச்சர்

வணக்கம். நானும் கணவரும் ஆசிரியர்கள். லீவு என்றால் எங்களுக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர், அவ்வளவுதான். தவணைக்கு நடுவில் ஒரு வாரம் கேட்டால் அதிபர் முகத்தைப் பார்க்க முடியாது. சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கிறது, கென்யாப் பக்கம் ஒரு சஃபாரி போய்வர ஆசை. மகனுக்குப் பத்து வயது, அவனுக்குச் சிங்கம் போதும். கூட வருகிற மாமிக்கு அறுபத்தாறு. ஒட்டகச்சிவிங்கியைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே கோரிக்கை.

கொழும்பில் ஒரு ஏஜென்ட், ஏப்ரலில் போங்கள், விலை நன்றாகக் குறையும் என்கிறார். யூடியூபில் பார்த்தால் எல்லாரும் ஓகஸ்ட், மாடுகள் ஆறு கடக்கிற நேரம் என்கிறார்கள். இன்னொரு தடவை போகிற வசதி நமக்கு வராது. எந்த மாதம் நல்லது?

கெரிச்சோ டீமேக்கர்

டீச்சர், நான் கொட்டகலைப் பக்கம். கென்யாவில் கெரிச்சோவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சில வருடம் வேலை பார்த்தவன். சிங்கம் பார்க்கப் போகிற மசாய் மாரா காப்பகம் அங்கிருந்து சில மணி நேர ஓட்டம்தான். லீவு கிடைத்தால் கூட்டாளிகளோடு வான் பிடித்துக் கிளம்பிவிடுவோம்.

எது நல்ல மாதம் என்று கேட்டால் எங்கள் தொழில் பேச்சுத்தான் வாயில் வருகிறது. திம்புலைத் தேயிலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச், ஊவாத் தேயிலைக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர். இரண்டுமே நல்ல தேயிலை, காற்றும் வெயிலும் எந்தப் பக்கம் எப்போது வருகிறது என்பதுதான் கணக்கு. ஆப்பிரிக்காவும் அப்படித்தான். என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்தால் மாதம் தானாக வந்து நிற்கும்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை இரண்டு தடவை. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை. நவம்பரிலிருந்து டிசம்பர் பாதி வரை சிறுமழை. ஜூன் முதல் ஒக்டோபர் வரை நீண்ட வறட்சி, ஜனவரி பெப்ரவரியில் குட்டி வறட்சி. காய்ந்த காலத்தில் புல் குட்டையாகிவிடும், தண்ணீர் உள்ள இடத்துக்கு மிருகங்கள் வந்தே ஆக வேண்டும். நாம் அங்கே போய் நின்றால் போதும்.

ஏஜென்ட் விலை குறைவு என்றது உண்மைதான். ஆனால் ஏன் குறைவு என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். மாராவில் மண் கறுப்பு. நனைந்தால் டயரின் பள்ளம் முழுக்க அப்பிக்கொள்ளும், அப்புறம் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஒரு ஏப்ரலில் எங்கள் வான் அச்சு வரை இறங்கி, மாடு மேய்த்துக்கொண்டிருந்த மசாய்ப் பையன்கள் ஓடிவந்து தள்ளித்தான் வெளியே வந்தது. தள்ளியவர்கள் காலில் முழங்கால் வரை கறுப்பு சப்பாத்துப் போட்டது போல சேறு. மாமியை வைத்துக்கொண்டு அந்த வேலை வேண்டாம். சில கேம்ப்கள் அந்த மாதங்களில் மூடியே இருக்கும்.

ஓகஸ்ட் விஷயம் வேறு. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட் (யூடியூபில் நீங்கள் பார்த்த மாடுகள்), கூடவே வரிக்குதிரைகள், தன்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளிக்கும் மாராவுக்கும் இடையில் புல்லைத் தேடி வருடம் முழுக்க வட்டமாக நடக்கின்றன. மாரா ஆற்றங்கரையில் அவை நிற்பது சுமாராக ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை. யூடியூபில் நான்கு நிமிடத்தில் முடிகிற காட்சிக்கு அங்கே அரை நாள் காக்க வேண்டும். கரையில் வண்டிக்கு மேல் வண்டி. மந்தை மெதுவாக இறங்கி வரும். முன்னால் நிற்கிற ஒன்று தண்ணீரில் வாய் வைக்கும். வரிக்குதிரை ஒன்று மூக்கால் சீறும். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடிவிடும். முதலை அசையாமல் கிடக்கும், அதற்கு அவசரமில்லை. அன்றைக்கு நாங்கள் கட்டிக்கொண்டு போன சப்பாத்தியைத் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

ஆறு கடப்பதுதான் வேண்டும் என்றால் ஓகஸ்ட், வேறு வழியில்லை. ஆனால் உங்கள் பட்டியலில் அது இல்லையே! சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் எந்த மந்தையோடும் ஊர் மாறுவதில்லை, மாராவில் வருடம் முழுக்க இருக்கின்றன.

என்னைக் கேட்டால் டிசம்பர் லீவு. அதிலும் கடைசி வாரம் புறப்பட்டு, மாராவைப் புதுவருடத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பூங்கா நுழைவு டிக்கெட். 2024இலிருந்து மாராவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டொலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100. அதுவும் 12 மணி நேரத்துக்கு. பிள்ளைகளுக்குக் குறைவு. நீங்கள் மூன்று பெரியவர்கள், இரண்டு நாள் உள்ளே போனால் 600 டொலர் மிச்சம். கிறிஸ்மஸ் வாரம் மட்டும் ஹொட்டல் விலை ஏறிக்கிடக்கும், அந்த நாட்களில் நைரோபியிலோ நைவாஷா ஏரிப் பக்கமோ சாதாரண இடத்தில் தங்கிவிடலாம். நைவாஷாவில் படகில் போனால் நீர்யானை.

மாமிக்கு நைரோபியிலேயே வேலை முடிந்துவிடும். லங்காட்டாவில் ஒட்டகச்சிவிங்கி நிலையம் ஒன்று இருக்கிறது, கையால் தீனி கொடுக்கலாம். நாக்கு கருநீலம், சொரசொரப்பு, முழங்கை வரை எச்சில். அப்புறம் அம்போசெலி பூங்கா. யானைக் கூட்டத்துக்குப் பின்னால் 5895 மீட்டர் கிளிமஞ்சாரோ. மலை தன்சானியாவில், பார்ப்பது கென்யாவில் இருந்து. விடியற்காலையில் பார்த்துவிட வேண்டும், வெயில் ஏற ஏற முகில் மூடிவிடும்.

பதுளைக் கமரா

டீமேக்கர் அண்ணே, ஏப்ரலை இப்படி அடிக்காதீர்கள். மழைக்காலத்தில்தான் தூக்கணாங்குருவி மஞ்சள் உடுத்திக் கூடு கட்டும். வானம் கறுத்து, கீழே புல் பச்சையாக, நடுவில் ஒரு சிங்கம். அந்தப் படம் ஓகஸ்டில் கிடைக்காது, ஓகஸ்டில் எல்லாமே வைக்கோல் நிறம். ஒரு சிறுத்தையைச் சுற்றி நம் வண்டி மட்டும் நிற்கிற சுகமும் தனி. ஆனால் டீச்சர், இது கமராக்காரன் பேச்சு. குடும்பத்தோடு என்றால் அண்ணே சொன்னதுதான் சரி.

தன்சானியா போக நினைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: பெப்ரவரியில் தெற்கு செரெங்கெட்டி, ந்டுட்டு பக்கம். வில்டபீஸ்ட் குட்டி போடுகிற காலம். எரிமலைச் சாம்பல் மண்ணில் முளைத்த குட்டைப் புல்லில் சில வாரத்துக்குள் லட்சக்கணக்கில் குட்டிகள், அவற்றுக்காகக் காத்திருக்கும் கழுதைப்புலிகள். ஆசிரியர்களுக்குத்தான் அந்த மாதம் கொடுத்துவைக்கவில்லை.

அட்டன் மிஸி

மாதத்தை மட்டும் பேசுகிறீர்கள், ஊசியை யாரும் பேசவில்லை. நான் தாதி, அதனால் இது.

கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அங்கிருந்து திரும்பி வரும்போது நம் நாட்டிலேயே தடுப்பூசி அட்டை கேட்பார்கள். புறப்பட 10 நாளைக்கு முன்னாவது போட்டிருக்க வேண்டும். கொழும்பில் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுகிறார்கள், மலையிலிருந்து இறங்கும் முன் நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாமி விஷயத்தில் கவனம், அக்கா. அறுபது தாண்டியவர்களுக்கு முதல் தடவையாக இந்த ஊசி போடும்போது பக்கவிளைவு ஆபத்து கூடுதல். டிக்கெட் போடுவதற்கு முதலே டொக்டரிடம் காட்டுங்கள். ஊசி கூடாது என்றால் விலக்குக் கடிதம் தருவார்கள், அதை வைத்துப் பயணம் போகலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

அடுத்தது மலேரியா. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்தது. நோய்தான் போனது, அதைப் பரப்புகிற நுளம்பு இன்னும் இங்கே இருக்கிறது. அதனால்தான் மலேரியாத் தடை இயக்கம் வெளிநாடு போகிறவர்களுக்கு மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறது. திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை விழுங்க வேண்டும், பாதியில் விடக்கூடாது. வந்து சில மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஆப்பிரிக்கா போனதை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சிறுமழை முடிந்த கையோடு போகிறீர்கள், நுளம்பு இருக்கும். பின்னேரத்தில் முழுக்கை.

பண்டாரவளை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. மாமியை அடுத்த வாரம் டொக்டரிடம் கூட்டிப்போகிறேன். அவர் சரி என்றால் டிசம்பர் கடைசிதான். டீமேக்கர் அண்ணே, குளிர் எப்படி? மகனுக்கு ஸ்கூல் நீல ட்ராக்சூட்டைக் கட்டலாமா? எப்போது பதிய வேண்டும்?

கெரிச்சோ டீமேக்கர்

பகலில் வெயில். விடியற்காலையில் வண்டிக் கூரையைத் திறந்து போட்டு ஓடும்போது பண்டாரவளைக்காரருக்கும் பல் கிட்டும், ஸ்வெட்டர் கட்டுங்கள். நீலம் வேண்டாம். செட்சி ஈக்கு நீலமும் கறுப்பும் பிடிக்கும், சட்டைக்கு மேலாலேயே குத்தும். காக்கி, சாம்பல், மங்கிய பச்சை எதுவானாலும் சரி.

இன்னொன்று, மாமி சாமான்களை சிலிசிலி பேக்கில், அதாவது பிளாஸ்டிக் பையில், சுற்றிவிடப் போகிறார். கென்யாவில் 2017இலிருந்து அது தடை. துணிப்பை கொண்டுபோங்கள்.

விசா என்று அலைய வேண்டாம், 2024இலிருந்து இணையத்தில் பயண அனுமதி எடுப்பதுதான் முறை. பதிவை ஜூன், ஜூலைக்குள் முடியுங்கள். புதுவருடத்துக்கு மாரா கேம்ப்கள் சீக்கிரம் நிரம்பும். ஏஜென்ட் விலை சொன்னால் பூங்கா டிக்கெட் அதற்குள் அடங்குமா, மாரா எந்தத் தேதி என்று இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். டிசம்பர் 31ஐப் போட்டுவிட்டு ஜனவரி விலை என்று சொல்லிவிடப் போகிறார்.