தினேஷ் கத்தார் போன ராத்திரி நம்ம வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல

இரவு 8.10
சசி அண்ணன் (டோஹா): தினேஷ் வேன் எங்க வருது இப்ப

தினேஷ்: கித்துல்கல தாண்டிட்டோம் அண்ணே. எறங்குனதும் என்ன செய்யணும்னே தெரியல, ஏஜென்சிக்காரர் கம்பெனி ஆள் வந்து கூட்டிட்டு போவார்னு மட்டும்தான் சொன்னாரு

சசி அண்ணன்: பயப்படாத கேளு. ப்ளைட்ட விட்டு எறங்குனதும் சனம் ஓடுற பக்கமெல்லாம் நீயும் ஓடாத, அதுல நெறைய பேரு வேற நாட்டுக்கு ப்ளைட் மாறுறவங்க, அவங்க ட்ரான்ஸ்ஃபர்னு போட்ட பக்கம் போவாங்க. நீ அரைவல்ஸ்னு எழுதுன போர்ட மட்டும் பாத்து போ. நான் மொத தடவ அவங்க பின்னாடியே போயி செக்கிங் லைன்ல அரை மணித்தியாலம் நின்னேன். விசா பேப்பர், காண்ட்ராக்ட் ரெண்டும் பிரிண்ட் எடுத்து கைப்பையில வை, பெட்டிக்குள்ள போட்டா இமிக்ரேஷன்ல எடுக்க முடியாது. கைரேகை, மெடிக்கல் எல்லாம் கொழும்பு கத்தார் விசா சென்டர்லயே முடிஞ்சதால அங்க பெருசா கேள்வி வராது

ராணி சித்தி: சசி, கீழ் லயத்து அக்கா அங்க இருக்க மகனுக்கு ஒரு பார்சல் குடுத்துருக்கு, முறுக்குன்னு சொன்னிச்சி

சசி அண்ணன்: சித்தி அத தொறந்து பாக்காம கொண்டு வரவே கூடாது. தம்பி இப்பவே வேன்லயே தொற

தினேஷ்: முறுக்கு இருக்கு, கீழ ரெண்டு பாக்கெட் பொயில, பேர் இல்லாத இருமல் மருந்து ஒரு போத்தல்

சசி அண்ணன்: பொயிலய எடு. மெல்லுற புகையில இங்க தடை. அந்த மருந்தும் வேணாம், கொடீன் கலந்திருந்தா கஸ்டம்ஸ்ல புடிச்சா பெரிய கேஸ், ட்ரமடோல் மாத்திரையும் அப்படித்தான். அந்த அக்கா தெரியாம செஞ்சிருக்கும், ஆனா பெட்டி உன் பேர்ல வருது, மாட்டுறது நீதான்

ராணி சித்தி: ஐயோ நான் அது தெரியாம வாங்கி வச்சேன் சாமி. எடுத்து டிரைவர் தம்பிட்ட குடுத்து விடு, நான் அக்காட்ட சொல்லிக்கிறேன்

மூர்த்தி மாமா: மருமகனே நான் சொல்றத மட்டும் மறக்காத. நான் வேற ஒரு நாட்டுல எறங்குன அன்னைக்கு வண்டியில ஏத்துன ஆளு எல்லார் பாஸ்போட்டையும் வாங்கி பையில போட்டுட்டான், நாங்களும் குடுக்கணும் போலன்னு குடுத்துட்டோம், அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அத கண்ணால பாக்கல. எங்கப்பா செத்தப்ப கூட வர முடியல. பாஸ்போட் உன் கையில இருக்கணும்

துஷா: மாமா, அம்மா என் பக்கத்துலதான் இருக்கு, வாசிச்சி காட்டுனேன், ஒன்னும் பேசல

சசி அண்ணன்: மாமா சொல்றது சரி. இப்ப கத்தார்ல 2015ஆம் வருஷத்து 21ஆம் நம்பர் சட்டம் இருக்கு, இங்க தங்குறதுக்கான ஐடி கார்ட் எடுக்குறதுக்கு கம்பெனி பாஸ்போட்ட வாங்கலாம், அந்த ஐடி வேல முடிஞ்சதும் திருப்பி குடுத்துரணும், இல்லாட்டி 25,000 ரியால் வரைக்கும் தண்டம். யாராச்சும் கேட்டா எதுக்குன்னு கேளு, குடுக்க முந்தி எல்லா பக்கத்தையும் போன்ல ஃபோட்டோ எடு

தினேஷ்: சரி அண்ணே. காசு?

சசி அண்ணன்: டொலர் வச்சிருக்கல்ல, 1 டொலருக்கு 3.64 ரியால், அது மாறாது. ஏர்போட்ல கொறச்சி குடுப்பாங்க, அதனால 20 டொலர் மட்டும் மாத்து, மிச்சம் டவுன்ல மாத்தலாம்

காலை 8.52
தினேஷ்: எறங்கிட்டேன். ஏர்போட் வைஃபைல பேசுறேன், இங்க மணி 6.22

துஷா: அண்ணே!! அம்மா வேலைக்கு பேர் குடுக்க பெரட்டுக்கு போயிருச்சு, 7ஆம் நம்பர் தேயில மலையில கொழுந்து எடுக்குது

சசி அண்ணன்: நல்லது. பெட்டி வந்ததும் டேக் நம்பர பாத்து எடு, ஒரே மாதிரி நெறைய பெட்டி வரும். வரலன்னா வெளிய போகாத, அங்கயே கவுன்டர்ல எழுதி குடு

9.40
தினேஷ்: பெட்டி கெடச்சது. வெளிய வந்துட்டேன், கம்பெனி ஆள காணோம். ஒருத்தர் தமிழ்ல பேசி என் கூட வான்னு கூப்புடுறாரு

சசி அண்ணன்: போகாத. தமிழ் பேசுனா நம்ம ஆள்னு இல்ல. கம்பெனி பேர் எழுதுன போர்ட் கையில வச்சிருக்கணும், அந்த பேரு உன் காண்ட்ராக்ட்ல இருக்க பேரான்னு பாரு. உள்ளயே உக்காரு, வெளிய வெயில் தாங்காது, ஸ்வெட்டர கழட்டு. அந்த நேரத்துல ஒரு சிம் எடு, பாஸ்போட் காட்டணும். ரெண்டு மணித்தியாலம் பாப்போம், வரலன்னா ஏஜென்சிக்கு நான் எடுக்குறேன், ஏர்போட்ல இருந்தே மெட்ரோ ரெட் லைன் இருக்கு, 2 ரியால்தான், நான் டியூட்டி முடிஞ்சி ஸ்டேஷனுக்கு வந்து நிக்கிறேன்

மூர்த்தி மாமா: தம்பி தண்ணி குடி. ஏதாச்சும் அவசரம்னா அங்க பொலிசுக்கு 999, நாங்க இங்க வெளிநாட்டு வேலைவாய்ப்பு பியூரோவுக்கு 1989 அடிப்போம்

10.55
தினேஷ்: வந்துட்டாரு அண்ணே, காண்ட்ராக்ட்ல இருக்க பேருதான். ரோட்ல டிரஃபிக்காம். நாங்க அஞ்சு பேரு. வண்டியில ஏறுனதும் எல்லார்கிட்டயும் பாஸ்போட் கேட்டாரு, நான் ஐடிக்குன்னா ஆபீஸ்லயே குடுக்குறேன்னு சொன்னேன், சரின்னுட்டாரு. மத்த நாலு பேரும் அப்புறம் அப்படியே சொல்லிட்டாங்க

சசி அண்ணன்: ரொம்ப சந்தோஷம்டா தம்பி. லொகேஷன் ஒன்னு போடு

துஷா: நான் 7ஆம் நம்பருக்கு ஓடி போயி அம்மாட்ட சொல்லிட்டு இப்பதான் கோயில் மேட்டுக்கு வந்தேன், மலையில சிக்னல் இல்ல. அண்ணே அம்மா ஒன்னே ஒன்னுதான் கேட்டிச்சு, பாஸ்போட் யார் கையில இருக்குன்னு

தினேஷ்: என் சட்டை உள் பாக்கெட்லன்னு போய் சொல்லு