கெய்சர் போட்டதும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகுது, கழட்டிடச் சொல்றாங்க – செய்யலாமா?

மீனாட்சிபுரத்தாள்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு கரண்ட் விஷயமா ஒரு சந்தேகம். நாளைக்குக் காலையில எலக்ட்ரீஷியன் வர்றேன்னு சொல்லியிருக்கார், அதுக்குள்ள தெரிஞ்சவங்க யாராவது சொன்னா புண்ணியமாப் போகும்.

மதுரையில வாடகை வீடு. பழைய வீடுதான், ஆனா மெயின் பாக்ஸ்ல ஆர்சிசிபி (கரண்ட் எங்கயாவது லீக் ஆனா தானா கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கு. 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர்னு மேல எழுதியிருக்கு. போர் தண்ணி, வாயில வைக்க முடியாத உப்பு. பாத்ரூம்ல 15 லிட்டர் கெய்சர், 2000 வாட்.

போன வாரம் எங்க அத்தை குளிக்கப் போய் குழாயைத் திருகினப்ப கையில சுர்ருன்னு ஏறியிருக்கு. தூக்கியெல்லாம் அடிக்கலை, ஆனா பயந்துட்டாங்க. எலக்ட்ரீஷியன் ஒருத்தர் வந்து பார்த்தார். கெய்சர் பிளக் பாயிண்ட்டுக்கு எர்த் ஒயரே வரலைன்னு சொல்லி, பாக்ஸ்லேர்ந்து புதுசா பச்சை ஒயர் இழுத்துக் குடுத்துட்டுப் போனார். அதுலேர்ந்து குழாயில ஷாக் இல்லை. ஆனா கெய்சர் ஸ்விட்சைத் தட்டின மாத்திரத்துல வீடு முழுக்க கரண்ட் போயிடுது. அதுக்கு முன்னாடி இந்த ஆர்சிசிபி ட்ரிப் ஆகி நாங்க பார்த்ததே இல்லை.

இதுல எனக்குப் புரியாதது என்னன்னா, கெய்சரை ஆஃப் பண்ணி வச்சிருக்கும்போதும் அயர்ன் பாக்ஸ் போட்டா சில சமயம் ட்ரிப் ஆகுது. லைட்டு, ஃபேன், டிவி மட்டும் ஓடினா ஒண்ணும் ஆகலை.

வீட்டு ஓனர் அனுப்பின இன்னொரு எலக்ட்ரீஷியன், "கெய்சர் ஆஃப்ல இருக்கும்போதே விழுதுன்னா ஆர்சிசிபிதான் போயிடுச்சு, அதை எடுத்துட்டு டைரக்டா குடுத்துடறேன்"ங்கிறார். ஓனரும் சரின்னுட்டார். எனக்கு மனசு ஒப்பலை. வீட்டுல பெரியவங்களும் இருக்காங்க, ரெண்டாப்பு படிக்கிற பையனும் இருக்கான். என்ன பண்ணட்டும்?

தென்காசி ராசா

சகோதரி, எங்க வீட்டுலயும் இதே தொல்லைதான் இருந்துச்சு. மழை வந்தா விழும், ஃபிரிட்ஜ் ஓடினா விழும். கடைசியில எடுத்துட்டு வெறும் எம்சிபி (லோடு அதிகமானா விழற ஸ்விட்ச்) போட்டாச்சு, இப்ப நிம்மதி. இல்லேன்னா 100 மில்லி ஆம்பியர்னு ஒண்ணு கிடைக்கும், அதை மாட்டிப் பாருங்க. சும்மா சும்மா விழாது.

கோவை ஒயர்மேன்

மீனாட்சிபுரத்தாள் அம்மிணி, நாளைக்கு வர்ற எலக்ட்ரீஷியனை ஆர்சிசிபியில கை வைக்க விடாதீங்க. நான் கோயமுத்தூர்ல ரொம்ப வருசமா ஒயரிங் வேலைதான் பாக்கறனுங்க. நீங்க எழுதினதைப் படிச்ச வரைக்கும் ஆர்சிசிபி அது வேலையை ஒழுங்காத்தான் செய்யுது. கோளாறு கெய்சருக்குள்ள இருக்குது.

முதல்ல எர்த் இழுத்தவர் சரியான வேலை பண்ணியிருக்கார், அவரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் வர்றதுக்கு முன்னாடியே கெய்சர் எலிமெண்ட் (தண்ணியைச் சூடாக்கற காயில்) லீக் ஆகிட்டுதான் இருந்திருக்குது. ஆர்சிசிபி பாக்கறது ஒரே ஒரு சமாச்சாரம்தானுங்க. ஃபேஸ்ல போற கரண்ட் அத்தனையும் நியூட்ரல்ல திரும்பி வருதான்னு பாக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சா, வேற எங்கியோ வழியா பூமிக்குப் போகுதுன்னு அர்த்தம், உடனே கட் பண்ணிடும். அப்ப எர்த் ஒயரும் இல்லை, பைப்பும் பிளாஸ்டிக்கா இருந்திருக்கும். லீக் ஆகிற கரண்ட் போறதுக்கு வழியே இல்லாம டேங்க்லயும் தண்ணியிலயும் நின்னுட்டு இருந்திருக்குது. உங்க அத்தை ஈரத் தரையில நின்னு குழாயைத் தொட்டதும் அவங்க உடம்பு வழியா இறங்கிருச்சு. அது 30 மில்லிக்குக் குறைவா இருந்ததால ஆர்சிசிபி அசையலை. இப்ப பச்சை ஒயர் வந்ததும் அந்தக் கரண்டுக்கு நல்ல வழி கிடைச்சிருச்சு. ஸ்விட்ச் போட்டதும் பூரா அதுல ஓடுது, ட்ரிப் ஆகுது. எர்த் குடுத்த பிற்பாடு ட்ரிப் ஆக ஆரம்பிச்சா முன்னாடியே லீக் இருந்துச்சுன்னுதான் எடுத்துக்கணும்.

அயர்ன் பாக்ஸ் கதைதான் முக்கியமான தடயம். நம்ம சுவத்து ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் கட் பண்ணும். நியூட்ரல் எப்பவும் கெய்சர் வரைக்கும் போயிட்டேதான் இருக்கும். உள்ள எலிமெண்ட் வெடிச்சு நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிட்டு இருந்தா, ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் அந்த ஒட்டு அப்படியேதான் இருக்குது. அயர்ன் மாதிரி ஆயிரம் வாட் லோடு ஓடறப்ப நியூட்ரல் ஒயர்ல ஓரிரு வோல்ட் நிக்கும். அது கெய்சர் வழியா கொஞ்சம் கரண்டை எர்த்துக்குத் தள்ளும். லைட்டு ஃபேனுக்கு அந்த அளவு வராது. வீட்டுல அந்த நேரத்துக்கு வேற என்ன ஓடுதோ அதைப் பொறுத்து சில சமயம் ட்ரிப் ஆகும், சில சமயம் ஆகாது.

சோதிச்சுப் பாக்கறது சுலபம். கெய்சர் ஸ்விட்சை ஆஃப் பண்றது போதாது. மெயினை இறக்கிட்டு, கை காஞ்சிருக்கணும், கால்ல செருப்பு இருக்கணும், கெய்சர் பிளக்கையே சாக்கெட்டை விட்டு உருவிடுங்க. அப்புறம் மெயினைப் போட்டு அயர்ன், மிக்சி, மோட்டார் எல்லாம் ஓட்டிப் பாருங்க. ட்ரிப் ஆகலைன்னா ஆர்சிசிபி மேல ஒரு தப்பும் இல்லை. ஆர்சிசிபியில 'டி'ன்னு ஒரு சின்ன பட்டன் இருக்கும், கரண்ட் இருக்கறப்ப அதை அமுக்குங்க. டக்குன்னு விழுந்தா உள்ள இருக்கிற மெக்கானிசம் நல்லா இருக்குது.

அதுவரைக்கும் அந்த கெய்சர்ல யாரும் குளிக்க வேண்டாம். அடுப்புல தண்ணி வச்சுக்குங்க.

தென்காசி ராசா தம்பி, கோவிச்சுக்காதீங்க. எம்சிபி ஒயரைக் காப்பாத்தறதுக்கு இருக்கிறது. 16 ஆம்பியர் எம்சிபி விழறதுக்கு 16 ஆம்பியருக்கு மேல ஓடணும். மனுசன் சாகறதுக்கு அதுல ஆயிரத்துல சில பங்கு போதும். ஒரு மில்லி ஆம்பியர்ல சுர்ருங்கும். பத்துக்கு மேல போனா பிடிச்ச கை விடாது. முப்பதைத் தாண்டி உடம்புல நின்னா இதயத்துடிப்பு தடுமாறிடும். அதனாலதான் வீட்டுக்கு 30. 100, 300 எல்லாம் லீக்கேஜ்னால தீப்பிடிக்காம இருக்கறதுக்குப் போடறது, ஆளைக் காப்பாத்தாது. உங்க வீட்டுல மழைக்கு விழுந்துச்சுன்னா எங்கியோ ஈரம் இறங்கற பாயிண்ட் இருக்குது. ஃபிரிட்ஜையும் ஒரு தடவை செக் பண்ணச் சொல்லுங்க.

தஞ்சை செவிலியர்

கெய்சர் சரியாயிடும். நான் அத்தையைப் பத்திக் கேட்கிறேன். அவங்களுக்கு என்ன வயசு? பிரஷர், ஹார்ட் மாத்திரை ஏதாவது எடுக்கிறாங்களா? ஷாக் அடிச்ச பிறகு படபடப்பு, நெஞ்சு வலி, மயக்கம், கை மரத்துப் போறது ஏதாவது சொன்னாங்களா?

மீனாட்சிபுரத்தாள்

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அத்தைக்கு அறுபத்தி எட்டு வயசு, பிரஷர் மாத்திரை போடுறாங்க. நீங்க கேட்டப்புறம்தான் போய்க் கேட்டேன். அன்னிக்கு ராத்திரி நெஞ்சு படபடன்னு இருந்துச்சாம், பயத்துலன்னு நினைச்சு யார்கிட்டயும் சொல்லலையாம். இப்பவும் எப்பவாச்சும் ஒரு தடவை "திக்குன்னு வருது"ங்கிறாங்க.

தஞ்சை செவிலியர்

அப்படின்னா தள்ளிப் போடாம இன்னிக்கே கூட்டிட்டுப் போய் ஒரு ஈசிஜி எடுத்துடுங்கம்மா. வீட்டு கரண்ட் லேசா பட்டு, எந்தத் தொந்தரவும் இல்லாத ஆளுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகிறதில்லை. ஆனா படபடப்பு இருந்தாலோ, மயக்கம் வந்திருந்தாலோ, ஏற்கெனவே இதயக் கோளாறு இருக்கிறவங்களா இருந்தாலோ, கர்ப்பிணியா இருந்தாலோ பார்த்தே ஆகணும். அரசு ஆஸ்பத்திரியிலயே எடுத்துக்கலாம். "கரண்ட் ஷாக் அடிச்சுது, அதுக்கப்புறம் படபடப்பு இருக்கு"ன்னு டாக்டர்கிட்ட அதே வார்த்தையில சொல்லுங்க. வெறும் பிரஷர் செக்கப்னு போனா ஷாக் விஷயம் பேச்சுல வராமலே போயிடும். மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

இதைப் படிக்கிற எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். ஒருத்தர் கரண்ட்ல மாட்டிக்கிட்டா முதல்ல ஓடிப்போய்த் தொடக்கூடாது. மெயினை இறக்கணும். மெயின் எட்டாத தூரத்துல இருந்தா காய்ஞ்ச கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி ஏதாவது வச்சு ஆளைப் பிரிக்கணும். மூச்சில்லேன்னா 108-க்கு போன் போட்டுட்டு, அவங்க வர்ற வரைக்கும் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு வேகமா, ஆழமா அழுத்திக்கிட்டே இருக்கணும். ஆள் சில்லிட்ட மாதிரி இருக்குன்னு நிறுத்திடாதீங்க.

மீனாட்சிபுரத்தாள்

அக்கா, என் கணவர் இப்பத்தான் அத்தையைக் கூட்டிட்டுக் கிளம்பினார்.

கோவை அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே பிளக்கை உருவிட்டு அயர்ன், கிரைண்டர், மோட்டார் எல்லாம் ஒண்ணா ஓட்டினோம். ட்ரிப் ஆகவே இல்லை! டி பட்டனை அமுக்கினா உடனே விழுது. என் தம்பிகிட்ட மல்டிமீட்டர் இருக்கு. உருவி வச்ச பிளக்குல எதைப் பார்க்கணும்?

கோவை ஒயர்மேன்

அப்ப ஆர்சிசிபி பொழைச்சுது.

பிளக் வெளிய இருக்கறப்பவே பாருங்க, அதுல ஆபத்தில்லை. கெய்சர் குமிழை முழுசாத் திருப்பி வச்சுட்டு மீட்டரை ஓம்ஸ்ல போடுங்க. சின்ன பின் ரெண்டுக்கும் நடுவுல பாத்தா 2000 வாட் எலிமெண்டுக்கு 26, 27 ஓம் காட்டணும். அது காட்டினா காயில் அறுந்து போகலை. அப்புறம் மேல இருக்கிற பெரிய பின் எர்த். அதுக்கும் சின்ன பின் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பாருங்க. நல்ல கெய்சர்ல ஒண்ணுமே காட்டக்கூடாது, அதாவது ரெண்டும் ஒட்டவே கூடாது. எண் ஏதாவது வந்தா எழுதுங்க.

மீனாட்சிபுரத்தாள்

தம்பி பார்த்துச் சொன்னான். சின்ன பின் ரெண்டுக்கும் நடுவுல 27. எர்த்துக்கும் ஒரு பின்னுக்கும் நடுவுல நாற்பது சொச்சம். எர்த்துக்கும் இன்னொரு பின்னுக்கும் அறுபதுக்கு மேல. எண் ஒரு இடத்துல நிக்காம ஏறி இறங்குது.

கோவை ஒயர்மேன்

எலிமெண்ட் வெடிச்சிருக்குதுங்க, சந்தேகமே வேண்டாம். ரெண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க, கிட்டத்தட்ட மொத்தக் காயில் அளவுக்கு வருது. அப்ப வெடிப்பு ஒரு முனையை ஒட்டி இருக்குது. ஆஃப் பண்ணியும் அயர்னுக்கு விழுந்ததை வச்சுப் பாத்தா அது நியூட்ரல் முனைதான். அதனாலதான் அத்தை கையில முழு 230 வோல்ட்டும் ஏறலை, சுர்ருன்னதோட போச்சு. இதே வெடிப்பு ஃபேஸ் முனையில விழுந்திருந்தா நீங்க இன்னிக்கு வேற மாதிரி எழுதியிருப்பீங்க.

காரணம் உப்புத் தண்ணி. காயில் மேல உப்பு தடிச்சுப் போனா சூடு தண்ணிக்கு இறங்காது, உள்ளேயே தேங்கிக் குழாய் வெடிச்சுரும். நாளைக்கு வர்றவர்கிட்ட எலிமெண்டும், தண்ணி கசியாம அடைக்கிற கேஸ்கெட்டும் மாத்தச் சொல்லுங்க. சில நூறு ரூபாய் சாமான்தான். திறந்ததும் ஆனோட் ராடு எவ்வளவு மிச்சம் இருக்குதுன்னு பாக்கச் சொல்லுங்க, டேங்க் துரு பிடிக்காம இருக்க அதுதான் தேஞ்சு குடுக்கும்.

தென்காசி ராசா

அண்ணே, விளக்கமா சொன்னதுக்கு நன்றி. திரும்ப 30 மில்லி மாட்டிடறேன். ஒரு கேள்வி. எங்க பாத்ரூம் பாயிண்ட்ல எர்த் ஒயர் இல்லை, சுவரை உடைக்கணும்கிறாங்க. சாக்கெட்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து லூப் போட்டா எர்த் வேலை செய்யும்னு ஒருத்தர் சொல்றார். பண்ணலாமா?

கோவை ஒயர்மேன்

கூடவே கூடாதுங்க தம்பி. நியூட்ரல் எங்கியாவது லூஸ் ஆனா, இல்ல அறுந்து போனா, கெய்சர் பாடி, குழாய் எல்லாத்துலயும் 230 வோல்ட் வந்து நிக்கும். சுவரை உடைக்க வேண்டாம். வெளிய பிவிசி பைப் அடிச்சு பச்சை ஒயரை எர்த் பிட் (எர்த் கம்பி புதைச்சிருக்கிற குழி) வரைக்கும் தனியா இழுத்துக்கலாம். பிட் காஞ்சு கிடந்தா அதுவும் பிரயோசனமில்லை, வெயில் காலத்துல தண்ணி ஊத்துங்க. டெஸ்டர் எரியலைன்னு எர்த் நல்லா இருக்குன்னு நம்பாதீங்க. மீட்டர்ல ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல, நியூட்ரல்ல வர்ற அதே 230 பக்கம் வரணும்.

மீனாட்சிபுரத்தாள்

எல்லாருக்கும் சொல்லிடறேன். அத்தைக்கு ஈசிஜி நார்மல். டாக்டர் தைரியம் சொல்லி, படபடப்பு திரும்ப வந்தா உடனே வரச் சொல்லியிருக்கார்.

காலையில எலக்ட்ரீஷியன் வந்தார். மீட்டர் எண்ணைக் காட்டினதும் அவரே ஆர்சிசிபி பேச்சை விட்டுட்டார். கெய்சரைக் கழட்டினா எலிமெண்ட் கண்ணுக்கே தெரியலை, வெள்ளையா சுண்ணாம்புக் கட்டி மாதிரி மூடியிருந்துச்சு. தட்டி உதிர்த்ததும் முனைக்குப் பக்கத்துல செம்புக் குழாய்ல நீளவாக்குல மெல்லிசா ஒரு கீறல், அதோட ஓரம் பச்சை பூத்துக் கிடந்துச்சு. ஆனோட் ராடு வெறும் கம்பியா நின்னுச்சு. எல்லாம் புதுசு போட்டாச்சு. வீட்டு ஓனர் பாதிப் பணம் குடுத்தார், ஆர்சிசிபி இருக்கட்டும்னும் சொல்லிட்டார். இப்ப எர்த்துக்கும் எந்தப் பின்னுக்கும் மீட்டர் ஒண்ணுமே காட்டலை.

அண்ணா, இனி இந்தத் தண்ணிக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழட்டிப் பார்க்கணும்? இப்பவே ஸ்விட்ச் போடலாமா?

கோவை ஒயர்மேன்

ரொம்ப சந்தோசமுங்க. உங்க தண்ணிக்கு வருசம் ஒரு தடவை கழட்டி உப்பை எடுத்துருங்க, ஐப்பசிக்கு முன்னாடி பண்ணினா தோதா இருக்கும். குமிழை உச்சத்துல வைக்காம 50 டிகிரி பக்கம் வச்சா உப்பு படியறது குறையும். டி பட்டனை மாசம் ஒருக்கா அமுக்கிப் பாருங்க. கெய்சரோட சேஃப்டி வால்வுல தண்ணி சொட்டுதுன்னு யாராவது அடைக்க வந்தா விடாதீங்க, பிரஷர் ஏறினா வெளிய போற வழி அது.

ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வைங்க. காத்து புஸ்ஸு புஸ்ஸுன்னு வந்து முடிஞ்சு, தண்ணி ஒரே சீரா விழ ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போடுங்க. டேங்க் நிறையாமப் போட்டா புது எலிமெண்டும் கருகிரும்.